ட்ரக் உடைந்ததற்குப் பொடியன் காரணம் இல்லை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் உழைத்து, ஊரில் இருக்கும் பிள்ளைக்கு ரிமோட் ட்ரக் ஒன்று வாங்கி அனுப்ப நினைக்கிற அப்பாமார், வாப்பாமார், மாமாமார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பீர்கள். ஒரு பிள்ளை தலை குனிந்து வகுப்பில் இருந்ததைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

போன விடுமுறையில் நடந்தது. என்னிடம் தரம் 9 படிக்கிற ஒரு பொடியன். அப்பா கட்டாரில். ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ஆர்.சி. ட்ரக் கொடுத்து அனுப்பியிருந்தார். கடையில் விற்கிற சின்ன விளையாட்டுக் கார் அல்ல. பற்றரி, மோட்டர், ஷொக் அப்சோபர் எல்லாம் தனித்தனியாகக் கழற்றிப் பூட்டக்கூடிய உண்மையான சாமான். பின்னேரம் நாயாற்றுக் கடற்கரைக்குக் கொண்டு வந்தான். நானும் அங்கே நின்றேன். சுற்றி ஒரு பதினைந்து பிள்ளைகள்.

ஈர மணலில் அம்பு மாதிரிப் போனது. மேலே காய்ந்த மணலுக்கு ஏறியதும் சில்லு சுழன்றது, வண்டி நகரவில்லை. அவன் இன்னும் அமத்தினான். அச்சு வரை புதைந்து, ஒரு கருகல் மணம் வந்தது.

அப்போது நான் சேர் அல்லவா, தெரிந்த மாதிரி ஒரு யோசனை சொன்னேன். "பெரிய டயர் போட்டால் சரி வரும் மகன்." அவனுடைய மாமா கொழும்பில் ஒரு கடையில் போய், கடைக்காரர் காட்டியதிலேயே பெரிய டயர் நான்கு வாங்கி அனுப்பினார். இரண்டு கிழமை தாங்கவில்லை. கியரின் பல் வழுவழுவென்று தேய்ந்து, மோட்டர் எரிந்து போனது. அன்றிரவு தொலைபேசியில் அப்பா ஏசியிருக்கிறார்: "சாமானின்ர அருமை தெரியாது உனக்கு."

அடுத்த நாள் அவன் என்னிடம் சொன்னது ஒரே வசனம். "சேர், நான் உடைக்கேல்ல. அதுவா உடைஞ்சது."

அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. அந்த வெயிலில் எத்தனை நாள் உழைப்பு அது! ஆனால் பொடியன் சொன்னதுதான் சரி. அவன் உடைக்கவில்லை. பிழையான டயரைச் சொன்ன நானும், மண்ணைக் கேட்காமல் விற்ற கடைக்காரரும், வேகத்தை மட்டும் பார்த்து வாங்கிய பெரியவர்களும் சேர்ந்துதான் உடைத்தோம். ஒரு ட்ரக்கின் ஆயுள், ஓட்டுகிற பிள்ளையின் கையில் இருப்பதை விட, வாங்கும்போது பெரியவர்கள் எடுக்கிற முடிவில்தான் கூடுதலாக இருக்கிறது. அதைத்தான் விளக்கமாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் மணல்.

வண்டி பாரத்தால் புதைகிறது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 3 கிலோ ட்ரக். ஒவ்வொரு டயரும் 4 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மணலில் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கும் சேர்த்து 48 சதுர சென்ரிமீற்றர். அப்படியென்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 60 கிராம் பாரம். 60 கிலோ ஆள் ஒருவர் வெறுங்காலோடு நின்றால், இரண்டு பாதமும் ஏறக்குறைய 300 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிராம். நாங்கள் புதையாமல் நடக்கிற மணலில், எங்களில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் கொடுக்கிற ட்ரக் ஏன் புதைகிறது?

பாரத்தால் இல்லை. சுழற்சியால். டயர் மணலைப் பிடிக்காமல் சுழலும்போது கீழே உள்ள மணலை அள்ளிப் பின்னால் எறிகிறது. தனக்குத் தானே கிடங்கு தோண்டுகிறது.

இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகம் அல்ல. படகு இழுக்கிற உழவு இயந்திரம் ஓட்டுகிற ஒரு அண்ணை. ஒருநாள் என் மோட்டார் சைக்கிள் இதே மணலில் புதைந்து நின்றபோது சொன்னார்: "மாஸ்டர், அமத்தாதேங்கோ. அமத்த அமத்த அது கிடங்கு கிண்டும். காத்தைக் கொஞ்சம் இறக்கிப் போட்டு மெதுவா எடுங்கோ." காற்றை இறக்கினால் டயர் தட்டையாகி, மணலில் படுகிற பரப்புக் கூடும். பிடிப்பும் கூடும். எங்கள் கரையில் தொழில் செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

ஆர்.சி. ட்ரக்கின் டயருக்குள் காற்று அடிப்பதில்லை. உள்ளே ஒரு வளையம் ஸ்பொஞ்ச் இருக்கும். அந்த ஸ்பொஞ்ச்தான் அதன் காற்று. ஸ்பொஞ்ச் மெதுமையாகவும் இறப்பர் மெதுமையாகவும் இருந்தால் காற்று இறக்கிய டயர் மாதிரி. இரண்டும் கடினமாக இருந்தால் கல்லுப் போல் அடித்த டயர் மாதிரி. எனவே டயர் வாங்கும்போது அளவுக்கு முன்னால் கேட்க வேண்டியது, எவ்வளவு மெதுமை என்பது.

இரண்டாவது, எங்கள் ஊரில் ஒரு மண் இல்லை. பாடசாலையில் இருந்து கடலுக்கு நடந்தால் நான்கு மண் மாறும்.

காய்ந்த மணலுக்கு, குறுக்கே துடுப்புத் துடுப்பாக எழும்பி நிற்கிற டயர் இருக்கிறது. துடுப்பு டயர் என்றே சொல்லலாம். படகுத் துடுப்பு தண்ணீரைத் தள்ளுவது போல மணலைத் தள்ளி வண்டியை முன்னே விடும். பின் சில்லு மட்டும் இழுக்கிற வண்டி என்றால் துடுப்பு பின்னுக்கு மட்டும் போதும். முன்னுக்கு நீளவாக்கில் வரம்பு உள்ள டயர் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி திரும்பாது. அலை நனைத்த இறுகிய மணலுக்குத் துடுப்புத் தேவையில்லை, சாதாரண கட்டை வெட்டு டயர் போதும். கிரவல் வீதிக்குக் கொஞ்சம் கடினமான இறப்பர், நெருக்கமான வெட்டு வேண்டும். மெது டயரைக் கிரவல் சீக்கிரம் தின்றுவிடும். துடுப்பு டயரோடு கிரவலில் ஓடினால் வண்டி முழுக்க அதிரும், துடுப்புகள் ஓரத்தில் கிழியும். மாரியில் வயல் சேற்றுக்கு, இடைவெளி அதிகமாக உள்ள உயரக் கட்டை டயர். இடைவெளி குறைந்தால் சேறு அடைத்து டயர் உருண்டைக்கட்டியாகிவிடும்.

இதில் புதுமை என்ன இருக்கிறது? வயலில் இறங்கும்போது லாண்ட்மாஸ்டரின் இறப்பர் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லு போடுகிறோம். வீதியில் அதே இரும்புச் சில்லோடு யாராவது போவோமா? பெரிய இயந்திரத்துக்குத் தெரிந்த நியாயத்தைச் சின்ன வண்டிக்கு ஏன் மறக்கிறோம்?

என் சின்ன வயதிலும் இந்தப் பாடம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் எங்களுடையது. நான் வளர்ந்தது புத்தளத்து ஓலைக் கொட்டிலில். பால்மா டின்னில் லொறி செய்து, பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போடுவோம். கற்பிட்டிப் பக்கத்து மணலில் ஒற்றைச் செருப்புச் சில்லு புதையும். இரண்டு துண்டை ஒட்டி அகலமாக்கினால் ஓடும். எட்டு வயதில் கையால் கண்டுபிடித்ததை, முப்பது தாண்டி சேர் ஆன பிறகு மறந்துபோய், "பெரிய டயர் போடு" என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய டயர் ஏன் பிழைத்தது?

விட்டம் கூடினால் மோட்டர் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி கூடிய தூரம் போக வேண்டும். பாரமான கியரில் சைக்கிள் மிதிப்பது மாதிரி. 110 மில்லிமீற்றர் டயரைக் கழற்றி 130 மில்லிமீற்றர் போட்டால், 18 வீதம் பாரமான கியர் போட்டதற்குச் சமம். மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சூடேறும். பெரிய டயர் போட்டால் மோட்டரில் உள்ள சின்னக் கியரையும் மாற்ற வேண்டும். 18 பல் இருந்த இடத்தில் 15 பல். அந்தச் சின்னக் கியர், டயரின் விலையில் ஒரு சிறு பங்குதான். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதோடு பாரமான டயர் பாய்ந்து விழும்போது அச்சையும் சேர்வோவையும் அடிக்கிறது. வேகம் கூடும்போது மெதுவான டயர் நடுவில் பலூன் மாதிரி ஊதி, நிலத்தில் ஒரு கோடு அளவுக்குத்தான் தொடும். அதற்கு உள்ளே பட்டி வைத்துச் செய்த டயர்கள் இருக்கின்றன, ஆனால் பாரமும் விலையும் கூட. எங்கள் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. 3 செல் பற்றரியை விட்டு 2 செல் பற்றரியில், 7.4 வோல்ட்டில் ஓடினால் பலூனும் இல்லை, கருகலும் இல்லை. மோட்டரில் விரலை வைத்து மூன்று விநாடி பொறுக்க முடியாவிட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்பதுதான் இப்போது எங்கள் சட்டம்.

இன்னொன்று. ரிம்மில் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஸ்பொஞ்ச் அமுங்கும்போது காற்று வெளியே போக வேண்டும் என்று வைத்தது. தண்ணீரில் ஓடினால் அந்த ஓட்டையால் தண்ணீர் உள்ளே போய், ஸ்பொஞ்ச் ஊறி, சில்லு கல்லுப் போல் பாரமாகும். ரிம் ஓட்டையை டேப்பால் மூடிவிட்டு, டயரின் நடுவில் இரண்டு மூன்று சிறு துளை போட்டால், ஓடும்போது தண்ணீர் தானாக வெளியே வீசப்படும்.

மூன்றாவது, எது உடைய வேண்டும் என்ற கேள்வி.

எதுவுமே உடையாத ட்ரக் வேண்டும் என்று கேட்கிறோம். அப்படி ஒன்று இல்லை. பாய்ந்து விழுகிற வேகம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். நல்ல வண்டியில், மலிவான பாகம் முதலில் உடைந்து விலை கூடிய பாகத்தைக் காப்பாற்றும். சில்லைத் தாங்குகிற கைகளை நைலோன் பிளாஸ்டிக்கில் செய்வது மிச்சம் பிடிக்க அல்ல. அது வளைந்து திரும்பி வரும். அதைக் கழற்றிவிட்டு மினுங்குகிற அலுமினியக் கை போட்டால் பார்க்க வடிவு. ஆனால் அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான். வளையாவிட்டால் அடி அப்படியே உள்ளே கியர்ப் பெட்டிக்குப் போகும். முதல் செலவு அலுமினியத்துக்கு அல்ல, பெயரிங்குக்கும், கூடுதலாக இரண்டு நைலோன் கைக்கும் செய்யுங்கள்.

இங்கேதான் பிராண்ட் விடயம் வருகிறது. ஜப்பானின் தமியா கம்பனி 1979இல் சாண்ட் ஸ்கோர்ச்சர் என்று மணலுக்கான ஒரு வண்டியை வெளியிட்டது. ரேடியோக் கருவிகளைத் தண்ணீர் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். 2010இல் அதையே திரும்பவும் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ட்ராக்சாஸ் 2008இல் ஸ்லாஷ் என்ற ட்ரக்கை விட்டது. இன்றைக்கும் அதற்குத் தனித்தனிப் பாகம் வாங்கலாம். இதே கம்பனியில் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வாங்குகிற எந்த வண்டிக்கும் கியர், கை, அச்சு தனியாகக் கிடைக்குமா என்று பாருங்கள் என்கிறேன். பெட்டியில் வேகம் பெரிதாக எழுதியிருக்கும், பாகம் ஒன்றும் கிடைக்காது என்றால், அது முதல் அடியில் குப்பை.

நான்காவது, எங்கள் கடல்.

"வாட்டர்புறூப்" என்று பெட்டியில் இருந்தால் மின் கருவிக்குள் தண்ணீர் போகாது என்பதுதான் அர்த்தம். உப்பு பெயரிங்கைத் தின்னாது என்று அர்த்தம் இல்லை. கடல் தண்ணீரில் விடவே வேண்டாம். தெறித்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடித்துக் காயவைத்து, பெயரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். வெளியே தெரிகிற கியருக்கு எண்ணெய் பூசாதீர்கள். மணல் ஒட்டி அரம் மாதிரி அராவும். மணலில் இருக்கிற குவாட்ஸ், சாதாரண இரும்பைக் கீறுகிற கடினம்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. கொக்கிளாய் தாண்டினால் புல்மோட்டை. அங்கே கடற்கரை மணலில் இல்மனைட் எடுப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கறுப்பு மணலைப் பிரிக்கக் காந்தமும் பாவிக்கிறார்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எங்கள் கரையில் கறுப்பாகத் தெரிகிற மணலில் இழுத்துப் பாருங்கள், என்ன ஒட்டுகிறது என்று. மோட்டருக்குள் இருப்பதும் காந்தம்தான். காற்றோட்டத்துக்குத் திறந்த துளை உள்ள மோட்டரைக் கறுப்பு மணலில் ஓட்டினால், அது தானாக மணலை உள்ளே கூப்பிடும். மூடிய மோட்டர் வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய நைலோன் காலுறைத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். ஆனால் சூட்டை அடிக்கடி பாருங்கள்.

இப்போது சிலர் கேட்கப் போகிற கேள்வி. "சேர், கொப்பி வாங்க வழியில்லாத பிள்ளைகள் இருக்கிற ஊரில் இது என்ன ஆடம்பரம்?"

நியாயமான கேள்வி. அன்று கடற்கரையில் நின்ற பதினைந்து பிள்ளைகளில் ட்ரக் இருந்தது ஒருவனிடம்தான். வாங்கிக் கொடுங்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்தக் காசு வீணாகாமல், ஒரு பிள்ளையின் பெயர் கெடாமல் வாங்குங்கள் என்கிறேன். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. கியர் விகிதம், உராய்வு, அழுத்தம் எல்லாம் படத்தில் கீறிப் படிப்பிக்கிறோம். அந்தக் கிழமை நான் அழுத்தக் கணக்கை இந்த ட்ரக்கை வைத்துத்தான் படிப்பித்தேன். ஒரு பிள்ளையும் நித்திரை கொள்ளவில்லை. ட்ரக் இல்லாத பதினான்கு பேரும் கணக்குப் போட்டார்கள்.

ஒரு விடயம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. பிள்ளையின் கண் வண்டியில்தான் இருக்கும், காலடியில் இராது. ஆட்கள் நாளாந்தம் நடமாடுகிற திறந்த இடத்தில் மட்டும் ஓட விடுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற பக்கம், யாரும் போகாத பற்றைப் பக்கம் வண்டி போய்விட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள். எவ்வளவு விலை என்றாலும் அது ஒரு ட்ரக்தான். இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லுங்கள். "தொலைத்தால் ஏசுவார்கள்" என்ற பயம்தான் பிள்ளையைப் பற்றைக்குள் ஓட வைக்கும்.

கடைசியாக, அந்தப் பொடியனின் ட்ரக்குக்கு என்ன நடந்தது?

எரிந்த மோட்டருக்குப் பதில் ஒன்றை நானும் அவனுடைய மாமாவும் பாதிப்பாதி போட்டு எடுத்தோம். பிழை சொன்னவன் நான், பங்கு போட வேண்டியதும் நான்தான். சின்னக் கியரை 15 பல்லுக்கு மாற்றினோம். பெரிய டயரை எடுத்து வைத்துவிட்டு, பழைய டயரின் ஸ்பொஞ்சை மெதுவானதாக மாற்றி ஒட்டினோம். அவனே கழற்றி, அவனே பூட்டினான். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எந்த மண், எத்தனை நிமிடம், மோட்டர் சூடா என்று எழுதுகிறான். காய்ந்த மணலில் இன்னும் வேகமாகப் போகாது. ஆனால் போகிறது. புதைவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவனுடைய அப்பாவுக்கு நானே அழைப்பு எடுத்து நடந்ததைச் சொன்னேன். முதல் பிழை என்னுடையது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், அவனிட்டக் குடுங்கோ" என்றார். நான் தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவன், "சேர், அப்பா அந்தக் கொப்பியைப் படமெடுத்து அனுப்பட்டாம்" என்றான்.

ஆகவே, வாங்க முதல் மூன்று கேள்வி. எந்த மண்ணில் ஓடப்போகிறது? அந்த மண்ணுக்கு இந்த டயர் சரியா? உடைந்தால் பாகம் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் வாங்கி அனுப்பினால், உடையும்போது பிள்ளையை ஏசாதீர்கள்.

உங்கள் வீட்டில் உடைந்த ஆர்.சி. வண்டி, பழைய டயர், ஓடாத மோட்டர் ஏதாவது கிடந்தால் எறிய வேண்டாம். எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். பதினான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ் நான்கு உடைந்த வண்டியில் இருந்து ஒன்றாவது ஓட வைப்போம். நான் எழுதியதில் பிழை இருந்தால் இந்த வேலை தெரிந்தவர்கள் கீழே திருத்துங்கள். முன்பு ஒருதடவை தெரியாமல் யோசனை சொல்லி ஒரு மோட்டரை எரித்தவன் நான்.